இரண்டு கப்பலுக்கும் ஒரே பம்ப்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு கப்பல்களும் ஒரே கடற்கரையில், ஒரே நேரத்தில் கரையேற வேண்டும் என்று திங்கட்கிழமை கடிதம் வந்தது. கேப்டன் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். ஒரே நேரத்திலா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அது நடக்காத காரியம் என்று எனக்குத் தெரியும்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கடற்படையிடம் இருந்தவை இரண்டே இரண்டு கரையிறக்கும் கப்பல்கள். துறைமுகம் எதுவும் இல்லாத இடத்தில் மூக்கை மணலில் ஏற்றி, முன்கதவைத் திறந்து, பதினெட்டு டன் இரும்புப் பலகை ஒன்றை இறக்கி, அதன் மேல் வண்டிகளையும் ஆட்களையும் கரைக்கு அனுப்புகிற கப்பல்கள். அந்தப் பலகைக்கு ராம்ப் என்று பெயர். ராம்பை ஏற்றி இறக்குவது ஒரு ஹைட்ராலிக் பம்ப். அது ஓடவில்லை என்றால் கப்பலுக்குக் கதவு இருந்தும் வாசல் கிடையாது. இரண்டு கப்பல்களுக்கும் சேர்த்து, ஓடுகிற பம்ப் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. நான்கு வருடமாக.

கப்பல் பட்டறையில் அவற்றை மூத்தவள், இளையவள் என்றுதான் சொல்வார்கள். இளையவளுக்குத் தலைமை எஞ்சினியர் நான். மூத்தவளுக்கு என் மச்சான், அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர். நான்கு வருடத்துக்கு முன் என் பம்ப் உயிரை விட்டபோது, தலைமையகத்தின் ஆய்வுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மச்சான் தன் பம்பைக் கழற்றி, உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு அடியில் வைத்துப் படகில் அனுப்பினார். ஆய்வாளர் வந்தார், ராம்ப் இறங்கியது, 'முழுத் தகுதி' என்று எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். மறுவாரம் பம்ப் திரும்பிப் போனது. அடுத்த ஆய்வுக்கு மறுபடி வந்தது. நாளாக ஆக அதில் நாங்கள் கைதேர்ந்துவிட்டோம். கழற்ற இருபது நிமிடம், பூட்ட முப்பது நிமிடம். ஒருமுறை இரண்டு ஆய்வுகளுக்கும் நடுவில் பதினைந்து நாள் அந்தப் பம்ப் அக்கா வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அக்கா அதன்மேல் ஒரு துணியை விரித்துப் பூச்சாடி வைத்திருந்தாள்.

புதுப் பம்ப் கேட்கவில்லையா என்றால், கேட்டோம். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கேட்டோம். ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வந்தது: இரண்டு கப்பல்களும் முழுத் தகுதியுடன் இருப்பதாக ஆய்வறிக்கை சொல்வதால், மாற்றுப் பம்புக்கான தேவை எழவில்லை. பம்ப் இல்லாததால் ஊரை ஏமாற்றினோம். ஏமாற்றியதால் பம்ப் வரவில்லை. எங்கள் கண்ணில் நாங்களே மண்ணைத் தூவிக்கொண்டோம். இப்படிப்பட்ட முட்டாள்தனத்தைச் செய்ய நல்ல மூளை வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அது நிறையவே இருந்தது.

இந்த வருடம் பட்ஜெட் குழுவுக்கு வேறு கேள்வி. இந்தக் கப்பல்கள் இனி வேண்டுமா? ஏவுகணைக் காலத்தில் கரைக்கு முன்னால் வந்து வாயைப் பிளந்து நிற்கிற கப்பல் ஒரு மிதக்கும் சவப்பெட்டி என்றார் ஒரு உறுப்பினர். ஆளில்லாப் படகுகள் ஐம்பது வாங்கலாம் என்றார். போன வெள்ளத்தில் துறைமுகமே உடைந்து கிடந்தபோது லாரிகளைக் கரையில் கொண்டுபோய் இறக்கியது எந்தப் படகு என்று இன்னொருவர் கேட்டார். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். குழுவின் தலைவர் ஒரு அம்மாள். பேச்செல்லாம் போதும், கப்பல்களைக் கண்ணால் பார்ப்போம் என்று சொன்னவர் அவர்தான். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்றதும் அவர்தான்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கடிதம் காலையிலேயே போயிருந்தது. பம்ப் அப்போது அவருடைய கப்பலில் இருந்தது. நீ எடுத்துக்கொள், நான் செயின் பிளாக்கில் இறக்கிக்கொள்கிறேன் என்றார். பட்டறையில் எஞ்சினைத் தூக்குகிற கைச்சங்கிலிக் கப்பியைத்தான் சொன்னார். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று மாட்டி ராம்பைக் கையாலேயே இறக்கலாம். செய்ய முடியாததில்லை. ஆனால் செய்யக் கூடாதது.

முடியாது என்றேன். அவருக்கு ஓய்வு பெற ஐந்தே மாதம் இருந்தது. மாட்டிக்கொண்டால் ஓய்வூதியம் போய்விடும். முப்பத்தொரு வருடம் எஞ்சின் அறையில் வெந்த மனிதர் கடைசி ஐந்து மாதத்தில் சங்கிலியில் தொங்க வேண்டாம். பம்ப் உங்களிடமே இருக்கட்டும், என் கப்பலில் நான் சங்கிலியை மாட்டிக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் கோபப்பட்டார். நானும் கோபப்பட்டேன். எங்கள் குடும்பத்தில் பாசம் பெரும்பாலும் சண்டையாகத்தான் வெளியே வரும்.

அக்கா ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் நேராப் போய் உண்மையச் சொல்லித் தொலைங்க. செயின்ல இறக்குற ராம்புக்குப் பின்னால ஆளுங்க நிப்பாங்கல்ல? அவங்க வீட்டுலயும் யாராவது துணி மடிச்சுக்கிட்டு இருப்பாங்க" என்றாள்.

மச்சான் நகவெட்டியை மூடி வைத்தார். நான் போய் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும், நான் கொஞ்சம் நல்லவனாகவும் இருந்திருப்பேன்.

புதன்கிழமை துறைமுகத்துக்குள், அசையாத தண்ணீரில், சோதித்துப் பார்த்தோம். ராம்ப் அருமையாக இறங்கியது. இருபது பேர் சங்கிலியை இழுத்து, முக்கால் மணி நேரத்தில் அது மேலேயும் ஏறியது. கேப்டன் வந்து நின்று பார்த்தார். புதிதாகத் தொங்கிய இரண்டு சங்கிலிகள் என்னவென்று கேட்கவில்லை. எங்களிடம் அப்படி ஒரு வழக்கம்: எஞ்சினியர் கையெழுத்துப் போட்டால் கேப்டன் கேட்க மாட்டார், கேப்டன் போட்டால் தலைமையகம் கேட்காது. தகுதிப் படிவத்தை நீட்டினார். ஒன்பதாவது தடவையாகக் கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாகவே எழுதியது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் காற்று எழுந்தது.

வண்டித்தளத்தில் ஒன்பது வண்டிகள் வரிசையாக நின்றன, நாற்பத்திரண்டு சிப்பாய்களோடு. முதல் வண்டியின் ஓட்டுநர் என் வயதுக்காரர், எப்போதும் சட்டைப்பையில் வறுத்த கடலை வைத்திருப்பவர். அவருடைய படையில் எல்லோரும் அவரைக் கடலை என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கும் ஒரு கை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வாயில் போடத் தோன்றவில்லை.

கரைக்கு நானூறு மீட்டர் இருக்கும்போது முன்கதவைத் திறந்து ராம்பைப் பாதி இறக்கி வைப்பதுதான் முறை. கப்பல் மணலில் முட்டியதும் மீதியை இறக்க வேண்டும். பம்ப் இருந்தால் எண்ணெயின் அழுத்தம் ராம்பைத் தாங்கும். எங்களுக்கு இருந்தது சங்கிலியின் இரண்டு கொக்கி. கதவு திறந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. தூரத்தில் கடற்கரையும் அதில் ஒரு வெள்ளைப் பந்தலும் தெரிந்தன. அங்கேதான் குழு உட்கார்ந்திருந்தது. வலப்பக்கம், எங்களுக்கு இணையாக, மூத்தவள் வந்துகொண்டிருந்தாள். அவளுடைய ராம்ப் வெண்ணெயில் வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டு பாதிக்கு இறங்கி நின்றது.

எங்கள் ஆட்களும் சங்கிலியை விட்டார்கள். ராம்ப் பாதிக்கு வந்தது. அப்போதுதான் அலை அதன் நுனியைத் தொட்டது. பதினெட்டு டன்னும் ஒருமுறை மேலே எழும்பி, திரும்பக் கீழே விழுந்து சங்கிலியில் நின்றது. துறைமுகத்தில் அலை இல்லை. நான் இதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

ஏணியில் ஏறி இடப்பக்கக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் அதன் வாயில் என் இரண்டு விரல் இறுக்கமாக நுழைந்தது. இப்போது மூன்று விரல் நுழைந்தது. இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டிருந்தது. அடுத்த அலைக்கு இன்னும் ஒரு நூல் விரிந்ததை விரலாலேயே உணர்ந்தேன். கீழே கடலை தன் வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் தயார்.

சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்தேன்.

"சார், ராம்ப் தகுதியில்ல. கப்பல நிறுத்துங்க."

"முந்நூறு மீட்டர்தான் இருக்கு" என்றார் கேப்டன்.

"மண்ணுல முட்டுனா கொக்கி விட்டுடும். பின்னால நாப்பத்திரண்டு பேரு இருக்காங்க."

ஒரு அலை வந்து போனது. பிறகு, இதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டியிருக்கும் என்றார், யாரோ செத்த வீட்டில் பேசுகிற குரலில். என் பெயரைப் போட்டே எழுதுங்கள் என்றேன். தரை அதிர்ந்தது. எஞ்சின்கள் பின்னோக்கிச் சுழன்றன.

வண்டிகளைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தினேன். ஒன்பது வண்டிகள், குறுகிய தளம். கடைசி வண்டி நகர்ந்தால்தான் எட்டாவது நகரும், எட்டாவது நகர்ந்தால்தான் ஏழாவது. சங்கிலிப் பிரேக்கைப் போட்டுவிட்டு என் ஆட்களையும் பின்னால் ஓடச் சொன்னேன். கடலையின் வண்டி எல்லாவற்றுக்கும் கடைசியாக, அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கியது. அவர் இப்போது மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கியைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. அப்படியும் அவசரப்படாமல், பின்னால் இருந்தவனை இடிக்காமல் ஓட்டினார்.

அவர் பத்து மீட்டர் போயிருப்பார். இடப்பக்கக் கொக்கி விட்டது. அந்தச் சத்தத்தை எதனோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை. விடுபட்ட வேகத்தில் சங்கிலி தளத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போனது. முதல் வண்டி நின்றிருந்த இடத்தில் தரையின் பெயின்ட் உரிந்து வெறும் இரும்பு பளபளத்தது. அடுத்த நொடி வலப்பக்கக் கொக்கியும் விட்டது. ராம்ப் முழுவதும் கடலுக்குள் விழுந்து தொங்கியது.

ஆட்களை எண்ணினேன். சிப்பாய்கள் நாற்பத்திரண்டு. என் ஆட்கள் இருபது. மறுபடி எண்ணினேன். அதன் பிறகுதான் உட்கார்ந்தேன்.

உட்கார நேரமில்லை. ராம்ப் தண்ணீருக்குள் தொங்கியதால் கதவை மூட முடியாது. பிளந்த வாய்க்குள் ஒவ்வொரு அலையும் கொஞ்சம் தண்ணீரைக் கொண்டுவந்து போட்டது. இறைக்கும் பம்புகள் ஓடின, ஆனால் காற்று ஏறிக்கொண்டிருந்தது. கரையேறவும் முடியாது, அந்த நிலையில் துறைமுகம் திரும்பவும் முடியாது. கேப்டனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் பம்ப் செத்து நான்கு வருடமாயிற்று, ஒவ்வொரு ஆய்வுக்கும் வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினேன், எல்லாம் என் வேலை என்றேன். எங்கிருந்து என்று சொல்லவில்லை. அவர் அதைக் கரைக்கு ரேடியோவில் சொன்னார். அப்போது மூத்தவள் கரையேறி, தன் வண்டிகளை மணலில் இறக்கி முடித்திருந்தாள். மச்சான் பிழைத்துக்கொண்டார் என்று நினைத்தேன். மனதுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

கால் மணி நேரத்தில் ஒரு படகு வந்தது. அதிலிருந்து குழுத்தலைவி ஏறி வந்தார், உயிர்காப்புச் சட்டைக்குள் பாதி மறைந்தபடி. வண்டித்தளத்தில் முட்டிக்குக் கீழே தண்ணீர் அலம்பியது. கழன்று கிடந்த சங்கிலியைப் பார்த்தார், தரையில் உரிந்த இடத்தைப் பார்த்தார். கைப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து என்னிடம் நீட்டினார். இரண்டு கப்பல்களின் போன வருட ஆய்வறிக்கைகள். பம்ப் என்ற வரியில் இரண்டிலும் உற்பத்தி எண் ஒன்றே. நான்கு வருடமாக இதுபோன்ற காகிதங்கள் தலைமையகத்தில் ஒரே அலமாரியில் இருந்தன. யார் படிக்கப் போகிறார்கள் என்று எண்ணை மாற்றி எழுதக்கூட நாங்கள் மெனக்கெடவில்லை.

"நான் அரசியலுக்கு வர்றதுக்கு முன்னால பஸ் டிப்போவுல உதிரிபாகம் குடுக்குற கவுண்டர்ல இருந்தேன். ஆறு பஸ்சுக்கு நாலு நல்ல டயர். எந்த பஸ்சுக்கு சோதனையோ அதுக்கு மாட்டிடுவாங்க. நம்பரப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்றார்.

எனக்கு முதலில் வெட்கம் வந்தது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது. அது வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"தெரிஞ்சுமா எங்கள ஓட விட்டீங்க? நாப்பத்திரண்டு பேரு இங்க நின்னாங்கம்மா."

"முந்தின நாளே யாராவது வந்து சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

"உங்க டிப்போவுல யாராவது போய்ச் சொன்னாங்களா?"

அவர் காகிதங்களைத் திரும்ப வாங்கிக் கைப்பையில் வைத்தார்.

"இல்ல. ஒரு பஸ் கவுந்தப்புறம்தான் சொன்னோம்."

அதற்குமேல் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. யார் பம்பைக் கொடுத்தது என்று அவர் கேட்டார். என் கப்பல் மூழ்கினாலும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை என்று வீம்பாக இருந்தேன். வீம்புக்கு நேரம் கிடைக்கவில்லை. வாசலில் நின்ற என் ஆள் ஒருவன் கடல் பக்கம் கை நீட்டினான்.

மூத்தவளிடமிருந்து ஒரு படகு வந்துகொண்டிருந்தது. நடுவில் பம்ப் இருந்தது. மூட்டை இல்லை, தார்ப்பாய் இல்லை. நான்கு வருடம் உருளைக்கிழங்குக்கு அடியில் ஒளிந்து போய்வந்த அந்தப் பச்சை நிறப் பம்ப் வெயிலில் தெரிய, பந்தலில் இருந்த அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால் வந்தது. அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மச்சான் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் அறைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

திரும்பிப் போ என்று சைகை காட்டினேன். அவர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"என்ன மாப்ள முழிக்கிற? கயித்தப் போடு" என்றார்.

குழுத்தலைவி குனிந்து, இது எந்தக் கப்பலின் பம்ப் என்று அவரிடம் கேட்டார்.

"ரெண்டு கப்பலோடதும்மா. நாலு வருஷமா நான்தான் குடுத்தேன். மீதியப் பொறகு கேளுங்க, தண்ணி ஏறுது" என்றார் மச்சான்.

முப்பது நிமிடத்தில் பூட்டினோம். முட்டியளவு தண்ணீரில், அவர் கை நீட்டுவதற்கு முன் நான் ஸ்பானரைக் கொடுத்தேன், நான் கேட்பதற்கு முன் அவர் போல்ட்டைக் கொடுத்தார். அந்த அம்மாள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பம்ப் ஓடியது. ராம்ப் கடலிலிருந்து எழுந்து வந்தது. கதவு மூடியது. எங்கள் ஒன்பது ஆய்வுகளில் பொய் இல்லாத ஆய்வு அது ஒன்றுதான்.

விசாரணை ஆறு வாரம் நடந்தது. மச்சானின் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். என்னைக் கப்பலிலிருந்து இறக்கி, கரையில் பண்டகசாலையில் உட்கார வைத்தார்கள். கேப்டன்கள் இரண்டு பேருக்கும் ஒரு கண்டிப்புக் கடிதம். ஆய்வாளருக்கு ஒன்றுமில்லை. அக்கா என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் வந்து, இதைத்தானே அன்றைக்கே சொன்னேன் என்று ஒருமணி நேரம் திட்டினாள். மனது லேசானது. கடலை எனக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தார், கடிதம் எதுவும் இல்லை. அந்தக் கடலையைத் தின்றேன்.

பட்ஜெட் குழு கடைசியில் இரண்டு முடிவு எடுத்தது. ராம்பால் உயிராபத்து இருந்ததை ஏற்று, புதுப் பம்ப் உடனே வாங்கலாம் என்பது முதல் முடிவு. இரண்டு கப்பல்களை வைத்திருக்கக் கட்டுப்படியாகாது, ஒன்று போதும் என்பது இரண்டாவது. இரண்டு முடிவும் இரண்டு தனித்தனிக் கோப்புகளில் போயின.

பதினோரு மாதம் கழித்து பண்டகசாலைக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. ஆணிகளைப் பிடுங்கித் திறந்தேன். பச்சைப் பெயின்ட் இன்னும் வாசம் அடித்தது. பெட்டியின்மேல் 'இளையவளுக்காக' என்று பொருள்படும்படி அவளுடைய பதிவு எண்ணை எழுதியிருந்தார்கள். இளையவளை உடைக்க இழுத்துக்கொண்டு போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

பெட்டியோடு ஒரு படிவமும் வந்திருந்தது. பொருள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது, கப்பலில் பொருத்தத் தயார் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்தேன். 'பொருத்தக் கப்பல் இல்லை' என்று முதலில் எழுதினேன். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.